காத்தாடி இல்லாத கணினி

செனாய்
8 பிப்ரவரி 2025

மாஹிர் நானாவுக்கு,

தங்கையின் சலாம். சந்திக்க வருவோர் பட்டியலிலிருந்து எங்கள் மூன்று பேர் பெயரையும் நீயே எடுத்துவிட்டாய் என்பது, உம்மா சிறை வாசல் வரை வந்து திரும்பிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கடிதம் எழுதக் கூடாது என்று நீ சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ உள்ளே போனபோது ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. இந்த ஆண்டு முதல் சனியும் ஞாயிறும் ஆக்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பள்ளிச் சீருடை போடும்போது வேறு யாருடைய சட்டையையோ போட்டுக்கொள்வது போல இருக்கிறது. நான் இப்போது ஐந்தாம் படிவம். ஆண்டுக் கடைசியில் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.

நான் எழுத வந்தது உன் தெப்ராவ் கணினிக் கடையைப் பற்றி. செப்டம்பர் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. நீ வெளியே வர அக்டோபர் ஆகும். பக்கத்துத் தையல் கடைக் கமலாட்சி அக்கா சரி என்றால் மட்டுமே மறுபடி நமக்குத் தருவேன் என்று கடைச் சொந்தக்காரர் தௌக்கே சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. மீட்டரைத் தாண்டி மின்சாரம் இழுத்து, விளையாட்டுக் கணினிக்கான கிராபிக்ஸ் கார்டுகளைப் பின்னறையில் அடுக்கி, இரவு பகலாக நீ மின்நாணயம் தோண்டியதில்தானே தீப்பிடித்தது. முன்கடை தப்பியது. அக்காவின் கணினியும் துணிகளும் இடது கையும் தப்பவில்லை. இதைப் படிக்கப்போகும் சிறை அதிகாரிக்கு இது புதிய செய்தியாக இருக்காது. நீதிமன்றத்தில் சொன்னதுதான்.

போன வாரம் உம்மாவும் நானும் அக்காவைப் பார்க்கப் போனோம். ரவிக்கை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டே பேசினார்.

“உன் மேல எனக்கு என்னா கோவம் மா? ஆனா அந்தச் சுவத்துக்கு அந்தாண்ட மறுபடியும் அந்தக் காத்தாடிச் சத்தம் கேட்டுச்சுனா, நான் கடைய மூடிட்டுப் போயிருவேன். ராவும் பகலும் ஊ...ன்னு. இப்பவும் படுத்தா காதுல அதான் ஓடுது.”

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தேர்வுக்காக வாப்பா எனக்கு ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதில் சூட்டை வெளியேற்றும் காத்தாடியே இல்லை. அதைச் செய்யும் நிறுவனம் முன்பு சிப்பை வெளியிலிருந்து வாங்கியதாம். இப்போது தன் சிப்பைத் தானே வடிவமைத்துக்கொள்கிறது. சூடு குறைவு, மின்சாரம் குறைவு என்று நூலகத்தில் கிடைத்த இதழ்களில் எல்லாம் போட்டிருக்கிறது. உன் கடையில் இனி இந்த வகைக் கணினியை மட்டும் விற்றால் என்ன?

உன் வாடிக்கையாளர்கள் இரண்டே வகை என்று நீ சொல்வாய்: கணினியை வைத்துத் தொழில் செய்பவர்கள், விளையாடுபவர்கள். இந்தச் சிப் இவர்களுக்குப் பொருந்துமா? நீ வரும்போது உனக்கு ஒரு கடை இருக்க வேண்டும் நானா. பூட்டிக் கிடக்கும் கடைக்கு இத்தனை மாதமும் வாடகை கட்டுவது வாப்பாதான். உன்னிடம் சொல்லக் கூடாது என்றார். சொல்லிவிட்டேன்.

தஸ்லிமா


27 பிப்ரவரி 2025

தஸ்லி,

ஒரே ஒரு தாள்தான் கொடுத்தார்கள். அதனால் நலம் விசாரிப்பதை விட்டுவிடுகிறேன்.

நீ கேட்ட சிப்பை எனக்குத் தெரியும். பெட்டி, சிப், அதற்குள் ஓடும் மென்பொருள் மூன்றையும் ஒரே ஆள் செய்தால் ஒன்றுக்கொன்று நன்றாகப் பொருந்தும். அதை மறுக்கவில்லை. கல்யாண வீடியோ வெட்டுகிறவருக்கும் கட்டட வரைபடத்தை அங்கங்கே தூக்கிக்கொண்டு போகிறவருக்கும் அது நல்ல கருவி. ஆனால் நினைவகத்தைச் சிப்போடு சேர்த்தே ஒட்டிவிடுகிறார்கள். நாளைக்கு வேலை பெருகினால் கூட்ட முடியாது. வாங்கிய அன்று எப்படியோ, மௌத்தாகும் வரை அப்படியேதான்.

விளையாடுபவர்களுக்கு? சிரிப்பு வருகிறது. விளையாட்டு செய்கிற நிறுவனங்களில் பெரும்பாலானவை விண்டோஸை மனத்தில் வைத்தே செய்கின்றன. சிப் எவ்வளவு வேகமாக இருந்தால் என்ன? நல்ல மைதானம் கட்டிவிட்டு, ஆட்டத்தை வேறு ஊரில் நடத்துகிற கதை.

இன்னொன்றும் உண்டு. என் தொழில் பெட்டியைத் திறப்பது. தெப்ராவில் என்னைத் தேடி வந்தவர்கள் அதற்காகத்தான் வந்தார்கள். திறக்கவே முடியாத பெட்டியை விற்கிற கடையில் நான் என்ன செய்வேன்? கண்ணாடி துடைப்பேனா?

வாடகையை யார் கட்டினால் எனக்கென்ன? நான் கட்டச் சொல்லவில்லை. “இவன் என் மகன்னு இனிமே எவன்கிட்டயும் சொல்லாதீங்க” என்று நீதிமன்ற வராந்தாவில் என் வக்கீலிடம் சொன்னவர் அவர். நான் கைவிலங்கோடு ஓர் எட்டு தள்ளி நின்றுகொண்டிருந்தேன். நீயும் அங்கேதான் இருந்தாய். உன் புத்தி நல்ல புத்தி. பாடத்தைப் படி. கடையை விடு.

மாஹிர்


செனாய்
15 மார்ச் 2025

நானா,

நோன்பு திறந்துவிட்டு வாப்பாவின் உணவகத்திலேயே மூலை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ சிரித்ததால் நான் சோதித்துப் பார்த்துவிட்டேன்.

முதலில் ஜெயபாலன் அண்ணன். இப்போது கூலாயிலும் நிறையக் கல்யாண வீடியோ எடுக்கிறார். என் கணினியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“காத்தாடியே இல்லியா? அப்புறம் சூடு எங்க போவும், உன் வாப்பா தலைக்கா?”

கல்லாவில் இருந்த வாப்பா நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை.

அண்ணன் தான் எடுத்த கல்யாண வீடியோ ஒன்றை அதில் ஏற்றி வெட்டினார். மின்சாரம் செருகவே இல்லை. ஒரு பிளேட் மீ கோரேங் சாப்பிட்டு முடிப்பதற்குள் முன்னோட்டப் படம் தயாராகிவிட்டது. “அலமாக்! என் பெட்டியா இருந்தா இந்நேரம் செனாய் ஏர்போட்டுல பிளேன் கிளம்புற மாதிரி கத்தியிருக்கும் லா” என்றார். பிறகு முழுப் படத்தையும் போட்டார். பாதிக்கு மேல் அடிப்பக்கம் சுட்டது, வேகமும் குறைந்தது. பெரிய வேலைக்கு இதே சிப்பில் காத்தாடி வைத்த மாடலும் உண்டு, அதுதான் சரி என்றார். அதையும் எழுதிவிடுகிறேன். எனக்குச் சாதகமானதை மட்டும் எழுதினால் அது சோதனை ஆகாது.

அடுத்து உன் பழைய வாடிக்கையாளர் நவ்சாத். அவர் இப்போது செடெனாக்கில் தரவு மையத்தில் வேலை செய்கிறார். “அங்க மெஷினுக்கு ஏர்கோன், எங்களுக்குக் காதடைப்பான்” என்று சொல்லிச் சிரிக்கிறார். மூன்று விளையாட்டுகளைப் போட்டுப் பார்த்தார். இந்தச் சிப்புக்கென்றே செய்த முதல் விளையாட்டு தண்ணீர் போல ஓடியது. கொஞ்சம் பழைய இரண்டாவது, உள்ளே ஏதோ மொழிபெயர்ப்பு நடப்பதால் அங்கங்கே திக்கியது. மூன்றாவது, அவரும் கூட்டாளிகளும் வாரந்தோறும் சேர்ந்து ஆடும் சுடும் விளையாட்டு. திறக்கவே இல்லை. ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க அதற்குள் ஒரு காவல் நிரல் இருக்கிறதாம். அதற்கு இந்தக் கணினியை அடையாளம் தெரியவில்லை.

“மண்டபத்துக்குள்ள விட்டாங்க, பந்தியில மட்டும் உக்கார விடல” என்றார் நவ்சாத்.

“மத்த ரெண்டும் நல்லாத்தானே இருக்கு?” என்று கேட்டேன்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா கூட்டாளிங்க எல்லாம் அங்க இருக்கானுங்க தங்கச்சி. நான் மட்டும் இங்க தனியா நல்லா விளையாடி என்னா செய்யிறது?”

இதை நான் எந்த இதழிலும் படிக்கவில்லை. விளையாடுபவர் வேகமான கணினியைத் தேடிப் போகிறார் என்று நினைத்தேன். நண்பர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் போகிறார்.

உன் மேசையில் இருந்த மின் அளவுக் கருவியையும் பயன்படுத்தினேன். நவ்சாத்தின் பெட்டி விளையாடும்போது இழுக்கும் மின்சாரத்தில் என் கணினியைப் போலப் பத்துக்கு மேல் ஓட்டலாம். இந்தக் கருவி உன்னிடம் இருந்தது. நீ எத்தனை முறை அதைப் பார்த்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை.

என் முடிவு: தொழில் செய்பவர்களுக்குப் பொருந்தும். விளையாடுபவர்களுக்குப் பாதி பொருந்தும். ஆகவே நம் கடை தொழில் செய்பவர்களுக்கு மட்டும். பெருநாள் முடிந்ததும் என் கணினியைக் கமலாட்சி அக்காவுக்கே கொடுக்கப்போகிறேன். தீயில் போனதற்கு ஈடாகவும் இருக்கும், கடை இனி எப்படிச் சத்தமில்லாமல் இருக்கும் என்று அவருக்குத் தெரியவும் செய்யும்.

நீ உம்மாவைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லை.

தஸ்லிமா


12 ஏப்ரல் 2025

தஸ்லி,

பெருநாள் தொழுகை இங்கே நடந்தது. பிறகு ரெண்டாங் கறி கொடுத்தார்கள். உம்மா வைப்பது போல இல்லை. இதை உம்மாவிடம் சொல்.

நவ்சாத் சொன்னது சரி. நானே அவனுக்கு மூன்று பெட்டி கட்டிக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேகம் போதவில்லை என்றுதான் வந்தான். அவனுக்கு வேண்டியது வேகம்தானா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஜெயபாலன் பெட்டியைப் பற்றியும் நீ எழுதியதில் தவறு இல்லை. உன் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது கோபம் இல்லாமல் படித்தேன். அக்கா சரி என்றால் நீ சொல்கிறபடியே செய்வோம். திறக்க முடியாத பெட்டியையே விற்கிறேன். கண்ணாடியும் துடைக்கிறேன். கடை இல்லாதவனுக்கு ரோஷம் எதற்கு?

அக்காவின் கை இப்போது எப்படி இருக்கிறது? ஊசியில் நூல் கோக்க முடிகிறதா?

மாஹிர்


செனாய்
18 மே 2025

நானா,

இந்தக் கடிதத்தை இரண்டு வாரமாக எழுதாமல் இருந்தேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

கணினியைத் துடைத்து, பெட்டியில் வைத்து, அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைக் காதருகே வைத்துப் பார்த்தார். “பேச்சு மூச்சே இல்ல” என்று சிரித்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது இடுப்பிலிருந்த சாவிக் கொத்தை எடுத்தார். அதில் விரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புத் துண்டு தொங்கியது.

“இத எங்க குத்துறது மா?”

நானா, உனக்கு அது என்னவென்று தெரியும். எனக்குத் தெரியவில்லை. அக்கா ரவிக்கைக்கான பூவேலையைக் கணினியில்தான் வரைகிறார். ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்த நூல் எப்போது மாற வேண்டும் என்று ஒவ்வொரு தையலாக அமைத்துத் தையல் பொறிக்கு அனுப்புகிறார். அந்த மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும். அந்தக் கறுப்புத் துண்டைச் செருகினால்தான் திறக்கும். தீப்பிடித்த அன்று அது இடுப்பில் இருந்ததால் தப்பியது.

நான் விடவில்லை. இந்தச் சிப்புக்குள் விண்டோஸை ஓட வைக்கும் செயலி ஒன்றைப் போட்டேன். மென்பொருள் திறந்தது. ஆனால் “சாவியைச் செருகுக” என்றது. செருகினேன். மறுபடியும் “சாவியைச் செருகுக” என்றது. அந்தச் சாவியை அடையாளம் காட்டும் நிரல் இந்தச் சிப்பில் ஓடாது என்று நவ்சாத் பிறகு சொன்னார். அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஆனதும் கணினியை மூடி என் கையில் கொடுத்தார்.

“தொழில் செய்யிறவங்களுக்குப் பொருந்தும்னு சொன்னியே மா, யாரக் கேட்ட?”

“ஜெயபாலன் அண்ணனக் கேட்டேன்கா.”

“ம். அப்ப நான் செய்யிறதுக்குப் பேரு என்னா?”

இதழ்களில் தொழில்முறைப் பயனர் என்று போட்டிருந்த இடத்திலெல்லாம் கேமரா மாட்டியவரும் மூக்குக்கண்ணாடி போட்டவரும்தான் படத்தில் இருந்தார்கள். நான் யாருக்காக இவ்வளவும் செய்தேனோ அவரே கணினியில் தொழில் செய்பவர் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “உன் அண்ணனும் இப்படித்தான். சத்தமா இருக்குன்னேன். மறுநாளு வந்து பாத்தா சுவரு முழுக்கப் பஞ்சு ஒட்டி வெச்சிருக்கான். ‘இப்ப நிம்மதியாக்கா?’ன்றான். சத்தம் கொறஞ்சிச்சு, நானும் சந்தோசப்பட்டேன். அந்தப் பஞ்சுதான் மொதல்ல பத்திக்கிச்சு. அது இல்லாட்டி உள்ளுக்குள்ள என்னமோ கருகுற சத்தமாவது எனக்குக் கேட்டிருக்கும். உங்க வீட்டுல எல்லாரும் நல்லவங்கதான். ஆனா என்னா வேணும்னு ஒரு வார்த்த கேக்க ஒருத்தருக்கும் வாய் வராதா?”

கணினி திரும்பி வந்ததால்தான் அதைக் கொடுத்த விஷயமே வாப்பாவுக்குத் தெரிந்தது. திட்டவில்லை. “என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?” என்று மட்டும் கேட்டார். ஒரே வாரத்தில் இரண்டு பேரிடமிருந்து அதே கேள்வி.

அக்காவின் கை ஆறிவிட்டது. ஆனால் விரல்கள் முழுதாக மடங்கவில்லை. நூல் கோக்க வலக்கையும் பல்லும் போதும் என்கிறார்.

தஸ்லிமா


8 ஜூன் 2025

தஸ்லி,

நேற்று ஹஜ்ஜுப் பெருநாள்.

அந்தச் சாவியை அக்காவின் பழைய கணினியில் முதன்முதலில் செருகி, மென்பொருளைப் போட்டுக் கொடுத்தவன் நான். சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, காலையிலிருந்து இரவு வரை கணினியில் வேலை செய்த ஒருவரை எனக்கு எட்டு வருடமாகத் தெரியும். நீ தொழில் செய்பவர்களைப் பற்றிக் கேட்டாய். நான் வீடியோக்காரரையும் கட்டட வரைபடக்காரரையும் எழுதினேன். அக்கா என் நினைவுக்கே வரவில்லை. உன்மேல் தவறு இல்லை. நீ என்னைக் கேட்டுத்தானே போனாய்.

அவருக்கு ஒரு கணினி கட்டலாம். முன்கடை அலமாரியில் பாகங்கள் இருக்கின்றன. நவ்சாத்தைக் கூட வைத்துக்கொள். ஒரு தாயத்து அளவு சிப்பே படத்தையும் காட்டிவிடும். தையல் வரைய அது போதும். பெரிய செம்புக் குழாய் வைத்த வெப்பமுறிஞ்சியை எடுத்துக்கொள். வயர்களை நான் கட்டுவது போல வரிசை வரிசையாகக் கட்டு. காத்தாடி பெரிதாக இருக்கட்டும். பெரிய காத்தாடி மெதுவாகச் சுற்றினாலே போதும், சத்தம் வராது. கண்ணாடிப் பக்கம் வைத்த பெட்டி வேண்டாம், அது விளையாட்டுப் பையன்களுக்கு. கிராபிக்ஸ் கார்டு வேண்டாம்.

கார்டு வேண்டாம் என்ற அந்த வரியை எழுத எனக்கு வெகு நேரம் ஆயிற்று.

ஆனால் இதையெல்லாம் செய்வதற்கு முன் நீ போய் அவரைக் கேள். எங்கே வைப்பார், எது அவருக்குப் பயம், எது தொந்தரவு என்று கேள். அவர் சொல்வது நான் எழுதியதற்கு மாறாக இருந்தால் நான் எழுதியதை விட்டுவிடு.

இன்னொன்று. கணினியைக் கொடுத்த கையோடு கடைக்குச் சம்மதம் கேட்காதே. அது வேறு, இது வேறு. யார் சொல்லிக் கட்டினாய் என்று அவர் கேட்டால் பொய் சொல்லாதே. கேட்கவில்லை என்றால் என் பெயரை எடுக்காதே.

மாஹிர்


செனாய்
17 ஆகஸ்டு 2025

நானா,

கேட்டேன். நீ சொன்னது நல்லதாயிற்று. அக்கா சொன்ன முதல் விஷயமே உன் கடிதத்துக்கு நேர்மாறு.

“காத்தாடி இல்லாம வேணாம் மா. அன்னிக்கு உன் பெட்டியக் காதுல வெச்சுப் பாத்தப்ப சந்தோசமா இருந்துச்சு. வீட்டுக்குப் போய்ப் படுத்தா தூக்கமே வரல. சத்தமும் இல்ல, சுத்துறதும் தெரியல. அப்ப அந்தச் சூடு எங்க போவுது? எனக்கு அது சுத்துறது கண்ணுல படணும். காதுலதான் கேக்கக் கூடாது.”

ஆகவே நீ வேண்டாம் என்ற, கண்ணாடிப் பக்கம் வைத்த பெட்டியையே எடுத்தோம். நவ்சாத் முதலில் அதில் வண்ண விளக்குகளை எரிய விட்டார். “தம்பி, இது என்னா, தைப்பூசக் காவடியா?” என்றார் அக்கா. அணைத்துவிட்டோம். காத்தாடி மட்டும் தெரிகிறது. மின்விசையை மேசைக்குக் கீழே மறைக்காமல் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கச் சொன்னார். வைத்தோம். சும்மா வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று கூட வந்த உம்மாவையும் சேர்த்து எங்கள் மூன்று பேருக்கும் ரவிக்கை தைத்துத் தருவதாகச் சொன்னார். நவ்சாத்துக்கு எதற்கு ரவிக்கை என்று நான் கேட்டதும் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

சாவியைச் செருகினார். திறந்தது. வலக்கையால் ஒரு தாமரை இதழை வரைந்து, தையல் திசையை மாற்றி மாற்றிப் பார்த்தார். வேலையில் மூழ்கியபோது அவர் முகம் வேறாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பாமலே கேட்டார்.

“மாஹிரு சொல்லித்தானே கட்டுன?”

“ஆமாக்கா.”

“தெரியும். வயரெல்லாம் இப்படி வரிச வரிசயாக் கட்டுறவன் அவன் ஒருத்தன்தான். நவ்சாத்துக்கு வராது.”

கடையைப் பற்றி நான் அன்று கேட்கவில்லை. அடுத்த வாரம் உம்மாவைக் காரில் இருக்கச் சொல்லிவிட்டு, தனியாகப் போய்க் கேட்டேன். எல்லாரும் தீபாவளி ரவிக்கை தைக்கக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள், அதனால் கடை நிறைய ஆள். எல்லாரும் போகும்வரை காத்திருந்தேன். அக்கா நேராகப் பதில் சொல்லாமல் என்னைச் சுவருக்குப் பக்கத்தில் கூட்டிப்போனார். புதுச் சாயம் அடித்திருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் அழுக்கு.

“இது என்னான்னு தெரியுதா? என் கை. காலையில வந்தா கை வெச்சுப் பாப்பேன். சாப்பிடப் போறப்ப, திரும்பி வர்றப்ப, பூட்டுறப்ப. சூடா இருக்கான்னு. இத்தனைக்கும் அந்தாண்ட கடையில ஆளே இல்ல.”

நானும் அந்த இடத்தில் கை வைத்துப் பார்த்தேன்.

“அந்தப் பொட்டி எனக்குப் பொருந்துது மா. நல்லா செஞ்சிருக்கான், அத யாருகிட்ட வேணாலும் சொல்வேன். ஆனா சுவத்துக்கு அந்தாண்ட உன் அண்ணன் இருந்தா எனக்குப் பொருந்தாது. அவன் கெட்டவன்னு சொல்லல. என்னால நாளெல்லாம் சுவத்துல கைய வெச்சுக்கிட்டு உக்கார முடியாது.”

வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன். உம்மா வண்டியைக் கிளப்பாமல் இருந்தார். பிப்ரவரியிலிருந்து நான் செய்த எல்லாம் உனக்கு இந்தக் கடை கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான். அக்காவை வற்புறுத்த எனக்கு ஏதாவது ஒரு வாதம் கிடைக்குமா என்று அங்கேயே யோசித்துப் பார்த்தேன். நான் பள்ளியில் வாதப் போட்டிக்குப் போகிறவள். ஒரு வாதமும் கிடைக்கவில்லை. அவர் சொன்னது சரி என்பதால் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

என்னை மன்னித்துக்கொள் நானா. தௌக்கேயிடம் என்ன சொல்ல?

தஸ்லிமா


6 செப்டம்பர் 2025

தஸ்லி,

மன்னிப்புக் கேட்க நீ ஒன்றும் செய்யவில்லை. தௌக்கேயிடம் சாவியைக் கொடுத்துவிடு. அலமாரியில் மீதி இருப்பதை நவ்சாத்தும் ஜெயபாலனும் எடுத்துக்கொள்ளட்டும்.

உன் கடிதம் வந்த அன்று கமலாட்சி அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன். அனுப்பவில்லை. அனுப்பினால் அவர் அதற்கு ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். பரவாயில்லை என்று சொல்லத் தோன்றாத போதும் சொல்ல வேண்டியிருக்கும். அவருக்கு என்னிடமிருந்து என்ன வேண்டும் என்று யோசித்தேன். அவரே சொல்லிவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் நான் இருக்கக் கூடாது. அதை என்னால் கொடுக்க முடியும். அதை மட்டுமாவது கேட்டபடி கொடுக்கிறேன்.

அந்தச் சிப்பைப் பற்றி நீ பிப்ரவரியில் கேட்டதற்கு நான் பதில் சொன்ன விதம் இப்போது எனக்கே பிடிக்கவில்லை. யார், என்ன வேலை, யாரோடு என்று கேட்காமல் பொருந்தும், பொருந்தாது என்று சொல்லக் கூடாது. கடையில் இத்தனை வருடம் அப்படித்தான் விற்றேன். வாய் ஓயாமல் சொல்வேன். ஆள் வாயைத் திறப்பதற்குள் பெட்டியைக் கட்டி முடித்துவிடுவேன்.

வெளியே வந்த பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. கணினி வேலைக்கு யாராவது எடுப்பார்களா என்றும் தெரியவில்லை. உன்னிடம் ஓர் உதவி கேட்கிறேன். வாப்பாவிடம் நீயாகப் பேசாதே, எனக்காக வாதாடாதே. இதை மட்டும் கேள்: அவர் உணவகத்தில் எனக்கு ஒரு வேலை உண்டா? இல்லை என்று சொன்னால் அதையே எழுது. மாற்றி எழுதாதே.

மாஹிர்


செனாய்
20 செப்டம்பர் 2025

நானா,

சாவியைக் கொடுத்துவிட்டேன்.

உன் கேள்வியை வாப்பாவிடம் கேட்டேன். மத்தியானக் கூட்டம் முடிந்து, அவர் கல்லாவில் தனியாக உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் கேட்டேன். அவர் எழுந்து போய்க் கைகழுவினார். மேசை ஒன்று சுத்தமாகத்தான் இருந்தது, அதைத் துடைத்தார். பிறகு வந்து உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“காலையில விடுவாங்களா, சாயந்தரம் விடுவாங்களா?”

“தெரியாது வாப்பா.”

“கேட்டு எழுதச் சொல்லு. அன்னிக்குக் கடையத் தொறக்கறதா, பூட்டிட்டு அங்க போறதான்னு நான் முடிவு செய்யணும்ல.”

மாற்றி எழுதவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான். காலையிலா, சாயங்காலமா நானா? உடனே எழுது.

தஸ்லிமா